மகள் விட்டுப்போன பாம்பு

சிஹாரு கனடாவுக்குக் கிளம்பிய நாள் மார்ச் மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. வட ஜப்பானின் ஹச்சினோஹே துறைமுக ஊரில் காலையிலிருந்தே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தன. ஒன்பதே முக்காலுக்கு ரயில். எட்டு மணியாகியும் அவள் பெட்டியைப் பூட்டியபாடில்லை. மாடியறையில் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, மணிக்கட்டைச் சுற்றிக் கிடந்த பாம்பை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கீழே அவள் அம்மா தமாயோ சோற்று உருண்டைகளைப் பிடித்துக் கடற்பாசித் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். வழிக்கு இரண்டு போதும் என்று மகள் சொல்லியிருந்தாள். நான்காவது உருண்டை கையில் இருந்தது.

பாம்பு செண்டாயில் ஒரு தோழி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று நாளைக்கு முன்னால் அந்தத் தோழி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம் என்றால், பத்து வயதுப் பாம்பை எந்தக் கடை வாங்கும்? சிஹாரு பயணத்தையே தள்ளிப்போடலாமா என்று கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது, தமாயோ மாடிப்படியின் அடியில் நின்று, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"நீயா? கூண்டு இருக்கிற அறைப் பக்கமே நீ வரமாட்டியே அம்மா."

"ஒரு வருஷந்தானே. பழகிக்குவேன்."

சிஹாரு இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு குறிப்பேடு எழுதினாள். கிளம்பும்போது பாம்பிடம் குனிந்து, போய்விட்டு வருகிறேன் என்றாள். ரயில் நிலையத்தில் அம்மாவிடம், "குறிப்பேட்டைப் படி. சந்தேகம் வந்தா எழுது. மறைக்காதே" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று தமாயோவுக்குத் தெரியும். தெரியாததுபோலத் தலையாட்டினாள்.

அது நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. தமாயோவின் கணவர் தெய்ஜி மீன்பிடிக் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். வருடத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். ஈரலில் புற்று என்று தெரிந்தபோது சிஹாரு செண்டாயில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு முடியட்டும், பிள்ளைக்கு ஏன் தொந்தரவு என்று தமாயோ நினைத்தாள். மகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், அப்பா ஓய்வெடுக்கிறார், நீ நேரத்துக்குச் சாப்பிடு என்று சொன்னாள். சிஹாரு வந்து சேர்ந்த அன்று தெய்ஜியால் பேச முடியவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். சடங்குகள் முடிந்து, புத்த முறைப்படி துக்கம் முடியும் நாற்பத்தொன்பதாம் நாள் வரை மகள் அம்மாவோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

யாருக்கும் தொந்தரவு தராமல் இருப்பது தமாயோவுக்கு ரத்தத்தோடு கலந்துவிட்ட பழக்கம். பதினெட்டு வயதில் கணவாய் மீன் பதப்படுத்தும் கூடத்தில் கத்தியைப் பிடித்தாள். ஒரே கீறலில் வயிற்றைத் திறந்து, ஒரே இழுப்பில் குடலை எடுப்பாள். பக்கத்து மேசைக்காரி ஒன்றை முடிப்பதற்குள் இவள் மூன்றை முடித்துவிடுவாள். ஒரு தடவை கத்தி விரலில் எலும்புவரை இறங்கியது. கையுறைக்குள் துணியைத் திணித்துக்கொண்டு மத்தியான மணி அடிக்கும்வரை நின்றாள். வேலை வரிசை தன் காரணமாக நின்றுபோனது என்ற பேச்சு வரக்கூடாது அவளுக்கு. பிரசவ வலியையும் அப்படித்தான், அண்டை வீட்டுக்காரர்கள் தூங்கி எழட்டும் என்று காலை ஆறு மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பாம்பின் பெயர் அன்சு. ஆப்ரிகாட் பழ நிறம், அதனால் அந்தப் பெயர். விஷமில்லாதது. நீட்டி வைத்தால் தமாயோவின் மார்பு உயரம் வரும். சிஹாருவுக்கு ரோமமுள்ள பிராணி எதுவும் ஒத்துக்கொள்ளாது, மூச்சு இழுக்கும். பதினான்கு வயதில் அவள் அழுத அழுகையில், தெய்ஜி ஒரு பயணம் முடிந்து வந்த கையோடு கடைக்குக் கூட்டிப்போய் விரல் தடிமனில் ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்தார். கரையில் இருக்கும் நாட்களில் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பேஸ்பால் பார்ப்பார். தமாயோ அப்போதெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் குறிப்பேட்டை அடுப்பு மேடையில் விரித்து வைத்தாள். உறைந்த வெள்ளெலி ஒன்றைச் சின்ன உறைபெட்டியிலிருந்து எடு. பையோடு வெந்நீரில் போடு. நடுவில் குளிர் இருக்கக்கூடாது, அழுத்திப் பார். துடைத்துவிட்டு இடுக்கியால் வாலைப் பிடித்துக் காட்டு. தமாயோ கண்களை மூடிக்கொண்டுதான் காட்டினாள். ஒரு வெட்டு இழுப்பு, இடுக்கி லேசானது. திறந்து பார்த்தபோது அன்சு அதை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. நாற்பது வருடமாக நாளைக்கு ஆயிரம் குடல் உருவிய கை நடுநடுங்கியது.

கொஞ்ச நேரத்தில் கனடாவிலிருந்து செய்தி வந்தது. "அன்சு சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு" என்று தமாயோ எழுதினாள். அதற்குக் கீழே, எனக்குக் கை நடுங்கிச்சு என்றும் எழுதினாள். பிறகு அதை அழித்துவிட்டு அனுப்பினாள்.

அதுவே வழக்கமாயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கேள்வி, ஒரு பதில். அந்த ஒரு வரிக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். கண்கள் பால் படிந்ததுபோல வெளுத்தால் சட்டை உரிக்கப் போகிறது, தொடாதே, அறையில் ஈரம் வை என்று குறிப்பேடு சொன்னது. வைத்தாள். முதல் சட்டை தலையிலிருந்து வால்வரை கிழியாமல் கழன்றபோது அதைப் படமெடுத்து அனுப்பினாள். வழக்கமான நாளாக இல்லாவிட்டாலும் உடனே பதில் வந்தது. "சூப்பர்மா." அன்று வேலைக்கு நடந்து போகும்போது தமாயோ தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

கூடத்தில் விஷயம் பரவியது. பாம்புச் சட்டையைப் பணப்பையில் வைத்தால் காசு சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நம்பிக்கை. மூத்தவளான ஹிசாயோ ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மூணு மாசமா வச்சிருக்கேன், பை இன்னும் மெலிஞ்சுதான் போவுது. உன் பாம்பு சோம்பேறி போலிருக்கே தமா."

"சூதாட்டக் கடைக்குப் போறதை நிறுத்துங்க அக்கா. அதுக்கப்புறம் பாம்பைக் குறை சொல்லுங்க."

ஒரு வருடம் என்று போன மகள் இன்னொரு வருடம் நீட்டித்தாள். அதற்குள் தமாயோ பாம்பைக் கையில் எடுக்கக் கற்றிருந்தாள். வேலை விட்டு வந்த மாலைகளில் அது அவள் முன்னங்கையைச் சுற்றிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டிச் சட்டையில் ஏறியிருக்கும் கணவாய் வாடையை மோந்து பார்க்கும். தெய்ஜியின் தோளில் கிடந்த பாரம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றும். அவர் உயிரோடிருந்தபோது ஒரு நாளாவது தொட்டுப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது ஜனவரியில் கூடத்துப் பெண்கள் வருடாந்திர வெந்நீர் ஊற்றுப் பயணத்துக்குக் கிளம்பினார்கள். மலை மேல் ஒரு விடுதி, ஒரே ராத்திரி. கணவர் இறந்தது முதல் தமாயோ போகவில்லை. இந்த முறை ஹிசாயோ விடவில்லை. பாம்புக்குக் காவல் இருக்கிறேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும் என்றாள். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாள் தமாயோ. இரண்டு மூன்று நாள் தனியாக விடலாம், தண்ணீர் மட்டும் இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. பசியோடு விட்டுப்போக மனம் வராமல், ஞாயிறு வரை காத்திராமல் முதல் நாள் மாலையே ஒரு எலியைக் கொடுத்தாள்.

காலையில் பேருந்து தெருமுனையில் ஒலியெழுப்பியது. அந்த ஊரில் குளிர்காலத்தில் ராத்திரி வெளியே தங்குகிறவர்கள் செய்வதையெல்லாம் அவளும் செய்தாள். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க அடைப்பைத் திருகி, வீட்டுக் குழாய்களிலிருந்த தண்ணீரையெல்லாம் வடியவிட்டாள். மண்ணெண்ணெய் ஹீட்டரை அணைத்தாள். வாசலில் பூட்ஸ் மாட்டும்போதே கையை மேலே நீட்டி மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். அவளுடைய ஒன்பதாவது வயதில் துறைமுகத் தெருவில் பதினோரு வீடு எரிந்தது. ஆளில்லாத வீட்டு மின்கம்பியிலிருந்து பிடித்த தீ. அன்று முதல் அவள் அம்மா செய்தது, பிறகு அவள் செய்தது. கை தானாகவே செய்துவிடும். தன் வீட்டுத் தீயால் பக்கத்து வீட்டுக்காரன் அழியக்கூடாது.

மாடியில் கூண்டுக்கு அடியில் பாம்புக்குச் சூடு தந்துகொண்டிருந்த மின்தகடும் அந்த சுவிட்சோடுதான் அணைந்தது.

மாலை ஐந்து மணிக்குத் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள். தலைமேல் பனி விழுந்துகொண்டிருந்தது. ஹிசாயோ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "உன் பாம்பு இப்போ நம்மளைவிடச் சொகுசா சூட்டுல படுத்துக் கிடக்கும்."

தமாயோவின் வலது கை தண்ணீருக்குள்ளிருந்து தானாக மேலே எழுந்தது. வாசலில் நீட்டியது போலவே.

ஈரம் சொட்டச் சொட்ட உடுத்திக்கொண்டு, அந்த மலையில் கைபேசி எடுக்காததால் விடுதியின் முன்கூடத்துத் தொலைபேசியில் பக்கத்து வீட்டு கடோவாகியைக் கூப்பிட்டாள். எழுபத்துநான்கு வயது, லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், தனி ஆள்.

"ஐயா, பக்கத்து வீட்டு தமாயோ பேசறேன். சாப்பிடற நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்."

"சாப்பிட இன்னும் நேரமிருக்கு. சொல்லுங்க தமாயோம்மா."

சொன்னாள். சாவி அவளிடமே இருந்தது, வேறு சாவி கிடையாது. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"எனக்குப் பாம்புன்னா பயந்தான். ஆனா சுவிட்ச் என்னைக் கடிக்காதே. உங்க குளியலறை சன்னல் சின்னக் கண்ணாடி. சுத்தியலால ஒரு தட்டு, கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்துடலாம். சுவிட்சைப் போட்டுட்டு ஓட்டையை அட்டையால அடைச்சிட்டு வந்துடறேன். பத்து நிமிஷ வேலை."

தமாயோவுக்கு அந்தக் காட்சி கண்முன் வந்தது. முழங்கால் ஆழப் பனியில் ஒரு கிழவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், கண்ணாடியில் கை கிழிகிறது, தெருவிலுள்ளவர்கள் என்ன சத்தம் என்று கதவைத் திறக்கிறார்கள். எல்லாம் ஒரு பாம்புக்காக.

"வேண்டாங்க. அவ்வளவு பெரிய விஷயமில்லை."

"நெஜமாவா? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை."

"நெஜமாத்தான். கம்பளி போர்த்தித்தான் வச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வந்துடப் போறேன். சும்மா மனசு கேக்காம கூப்பிட்டுட்டேன்."

கம்பளி எதுவும் போர்த்தியிருக்கவில்லை. அவர் சரி என்றார். தமாயோ சுவரைப் பார்த்து இரண்டு தடவை தலைகுனிந்துவிட்டு ரிசீவரை வைத்தாள்.

அன்றைய விருந்தில் நண்டு வந்தது. ஹிசாயோ என்னவென்று கேட்டதற்கு, வெந்நீரில் அதிக நேரம் இருந்துவிட்டேன் என்றாள். பாட்டு முறை அவளுக்கு வந்தபோது, மறுத்தால் மற்றவர்களின் உற்சாகம் கெடும் என்று எழுந்து நின்று பாடினாள். கை தட்டினார்கள்.

மறுநாள் காலை மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது. இன்னொரு ராத்திரி. தமாயோ நாலு தடவை தொலைபேசிப் பக்கம் போனாள். நேற்று வேண்டாம் என்று சொன்ன வாயால் இன்று எப்படிக் கேட்பது? கடோவாகி பனி தள்ளிக் களைத்திருப்பார். நாலு தடவையும் திரும்பி வந்தாள்.

மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு வீட்டைத் திறந்தபோது, உள்ளே அவள் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. மாடியில் அன்சு மரப்பட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. எடுத்தபோது கயிறு மாதிரி விறைத்திருந்தது. சட்டைக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து நாக்கு ஒரு தடவை வெளியே வந்து போனது.

பாம்பு பார்க்கும் மருத்துவர் அந்த ஊரில் இல்லை. செண்டாயில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தாள். மெதுவாகச் சூடேற்றுங்கள் என்றவர், கடைசியாக எப்போது தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னாள். வயிற்றில் இரை இருக்கும்போது சூடு போனால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகிவிடும், பட்டினியாக விட்டிருந்தால் பிழைத்திருக்க வழி உண்டு என்றார். அன்பில் ஊட்டியதுதான் அதற்கு நஞ்சாயிற்று.

அடுத்த நாள் அது அந்த எலியைக் கக்கியது. ஐந்தாம் நாள் காலையில் செத்துப்போயிற்று.

தோண்ட முடியாதபடி மண் உறைந்து கிடந்தது. தெய்ஜியின் பழைய பருத்தித் துண்டு ஒன்றில் சுற்றி, எலிகள் இருந்த சின்ன உறைபெட்டியிலேயே அடியில் வைத்தாள்.

ஞாயிறு வந்தது. "அன்சு சாப்பிட்டுச்சா?"

உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தாள். அங்கே மகள் தனியாக இருக்கிறாள், ஏதோ பயிற்சி முடிகிற நேரம் என்று முந்தின வாரம் சொல்லியிருந்தாள். முடியட்டும். அதோடு, இந்தக் கேள்வியும் நின்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு எதுவுமில்லை. வெறும் கையோடு பொய் எழுத வரவில்லை அவளுக்கு. எழுந்து போய் ஒரு எலியை எடுத்து வெந்நீரில் போட்டு, அழுத்திப் பார்த்து, துடைத்து, மாடிக்குக் கொண்டுபோனாள். காலிக் கூண்டுக்கு முன்னால் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள். பிறகு எழுதினாள்: "சாப்பிட்டுச்சு."

பதினைந்து ஞாயிறுகள் அப்படிப் போயின. ஏப்ரலில் மண் இளகியது. வீட்டுப் பின்புறம் தோண்டிக்கொண்டிருந்தபோது கடோவாகி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்த ராத்திரியா?"

தமாயோ மண்ணைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

"ஒரு கண்ணாடிதானே தமாயோம்மா" என்றார் அவர். வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மே மாதம் மகளிடமிருந்து நீளமான செய்தி வந்தது. நாகானோவில் வேலை கிடைத்திருக்கிறது. பிராணி வளர்க்கலாம் என்று சொல்லும் வீடும் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் வந்து ஒரு வாரம் தங்கி, அப்பாவின் கல்லறையைப் பார்த்துவிட்டு, அன்சுவைக் கூட்டிப்போகிறேன். கடைசியில் ஒரு வரி: இத்தனை நாள் பாத்துக்கிட்டதுக்கு நன்றிம்மா.

தமாயோ அதை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. அன்சு செத்துப்போச்சு என்றாள்.

சிஹாரு கேட்டது ஒரு வார்த்தைதான்.

"எப்போ?"

"ஜனவரியில."

"போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுச்சுன்னு எழுதினியே."

"உன் பயிற்சி முடியட்டும்னு..."

"அப்பாவுக்கும் என் பரீட்சை முடியட்டும்னுதான் சொன்னே." அவள் குரலை உயர்த்தவில்லை. "செத்ததுக்காகக் கோபமில்லைம்மா. யார் கையிலயும் சாகலாம். ஆனா உன்கிட்ட எதைக் கேட்டாலும் நல்லாயிருக்குன்னுதான் வருது. நாளைக்கு உனக்கே ஒண்ணுன்னாலும் எனக்கு எப்படித் தெரியும்?"

தமாயோ மன்னித்துக்கொள் என்றாள். தொலைபேசி வைக்கப்பட்டது.

ஆகஸ்டில் சிஹாரு வரவில்லை. கல்லறைக்கு மட்டும் வந்துபோயிருக்கிறாள் என்று கோயில்காரர் சொல்லித் தெரிந்தது; புதுப் பூ வைத்திருந்ததாம். வீட்டிலிருந்து கல்லறைக்கு நடந்தே போய்விடலாம்.

அந்த இலையுதிர்காலத்தில் தமாயோ ஒரு கடிதம் எழுதினாள். வாழ்க்கையில் அவள் எழுதிய நீளமான கடிதம் அதுதான். சுவிட்சை அணைத்தது, கடோவாகி கண்ணாடியை உடைக்கிறேன் என்றது, கம்பளி போர்த்தியிருக்கிறது என்று சொன்ன பொய், காலிக் கூண்டுக்கு முன்னால் சூடாக்கிய எலிகள் எல்லாவற்றையும் எழுதினாள். அப்பா கடைசி வாரத்தில் இரண்டு தடவை உன் பெயரைச் சொன்னார், அப்போதுகூட உன்னைக் கூப்பிடாமல் இருந்துவிட்டேன் என்றும் எழுதினாள். எனக்கு முட்டியில் நீர் கோத்திருக்கிறது, படியேற முடியவில்லை, ராத்திரியில் பயமாக இருக்கிறது என்றும் எழுதினாள். இந்த முறை எதையும் அழிக்கவில்லை.

பதில் வரவில்லை. புத்தாண்டுக்கு மகளிடமிருந்து அச்சடித்த வாழ்த்து அட்டை வந்தது, கையால் ஒரு வரிகூட எழுதாமல். அடுத்த வருடமும். அதற்கடுத்த வருடம் ஹிசாயோ வேலையிலிருந்து நின்றாள். தமாயோவுக்குக் காலை நேர வேலை மட்டும் கொடுத்தார்கள். மாடிக்கு அவள் ஏறுவதே அபூர்வம், முட்டி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு துணி மடிப்பாள்.

கடிதம் போட்டு மூன்று வருடம் கழிந்த நவம்பரில், ஒரு வியாழக்கிழமை, உடைமாற்றும் அறையில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பைக்குள் கைபேசி அதிர்ந்தது. விரலில் கணவாய் மை அப்பியிருந்தது. கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"சிஹாரு எழுதறேன். கடிதம் அப்பவே கிடைச்சுது. டிசம்பர் ஆறாம் தேதி வேலையா அந்தப் பக்கம் வர்றேன். உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா ஒரு ராத்திரி தங்கிக்கலாமா? சிரமம்னா விடுதியில பாத்துக்கறேன். பதில் மெதுவா அனுப்பினா போதும்."

மகள் அவளை 'உங்களுக்கு' என்று எழுதியது இதுதான் முதல் தடவை; கடோவாகியிடம் தமாயோ பேசுவதும் இப்படித்தான்.